பனி பொழியாத நாட்டிற் பனிமனிதன்: பாலர் பாடலும் பருவகாலமும்

பாலர் பாடல்களைப் பற்றிப் பல்கலைக்கழகச் சஞ்சிகையொன்றில் எழுதப் புகுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். சங்க இலக்கியத்துக்கும் நாவலுக்கும் திறனாய்வுக் கோட்பாட்டுக்கும் உரிய பக்கங்களில், மூன்று வயதுக் குழந்தை கைதட்டிப் பாடும் பாட்டுக்கு என்ன இடம் என்று அவர்கள் வினவக்கூடும். அவ்வினாவிலேயே நமது கல்விச் சிந்தனையின் குறைபாடொன்று வெளிப்படுகின்றது. தான் வாழும் நிலத்தையும் வானத்தையும் பற்றி ஒரு பிள்ளை முதன்முதலாகக் கற்பது புவியியல் வகுப்பில் அன்று. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே முன்பள்ளியில் ஆடியும் பாடியும் அது கற்றுவிடுகின்றது. அங்குப் பிழையாகப் பதிந்தது பின்னர் எளிதில் அகல்வதில்லை. இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பருவகாலங்களைப் பற்றிப் பாட்டாலும் விளையாட்டாலும் இன்று கற்பிக்கப்படுவதிற் பெரும்பகுதி அவர்களுடைய நாட்டுக்குப் பொருந்தாப் பொய் என்பதும், அப்பொய்க்கான பொறுப்பிலிருந்து கற்றோராகிய நாம் தப்பிக்கொள்ள முடியாது என்பதுமே இக்கட்டுரையின் வாதமாகும்.

நமது முன்பள்ளிகள் பலவற்றின் சுவர்களில் ஒரே வகையான படத்தைக் காணலாம். வட்டமொன்று நான்காகப் பகுக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியிற் பூத்த மரம். அடுத்ததிற் சுடரும் சூரியன். மூன்றாவதிற் செந்நிற இலைகள் உதிரும் மரம். நான்காவதில் தொப்பி அணிந்த பனிமனிதன். வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என நான்கு பெயர்களையும் பிள்ளைகள் இராகத்தோடு ஒப்புவிக்கின்றனர். ஆங்கிலப் பாட்டாயின் பெற்றோருக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. ஆண்டிறுதிக் கலைவிழாவிற் கம்பளித் தொப்பியும் கழுத்துச் சால்வையும் அணிந்து வியர்வை வழிய ஆடும் குழந்தைகளைக் கண்டு சபையினர் கைதட்டுகின்றனர்.

இந்நான்கு பருவங்கள் எவ்வாறு உண்டாகின்றன என்பதைச் சற்று நோக்குதல் வேண்டும். புவியின் அச்சு ஏறக்குறைய இருபத்து மூன்றரைப் பாகை சாய்ந்திருத்தலின், புவி சூரியனைச் சுற்றி வருங்காற் பகலின் நீளமும் வெயிலின் சாய்வும் மாறுகின்றன. நடுக்கோட்டிலிருந்து விலகிச் செல்லுந்தோறும் அம்மாற்றம் பெருகும். இலண்டன் மாநகரில் ஆண்டின் மிக நீண்ட பகல் 16 மணித்தியாலத்துக்கு மேற்பட்டது. மிகக் குறுகிய பகல் ஏறக்குறைய 8 மணித்தியாலமே. கொழும்பிலோ இவ்விரண்டுக்குமிடையிலான வேறுபாடு ஒரு மணித்தியாலத்தையும் எட்டுவதில்லை. அங்கு மாதச் சராசரி வெப்பநிலையும் ஆண்டு முழுவதிலும் இரண்டு மூன்று பாகைக்கு மேல் ஏறி இறங்குவதில்லை. நமது ஆண்டை வகுப்பவை காற்றும் மழையுமாகும். நமது வளிமண்டலவியல் திணைக்களமும் ஆண்டை நான்காகவே வகுக்கின்றது: மார்ச், ஏப்ரல் மாதங்களில் முதலாவது இடைப்பருவம், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற் பருவக்காற்று, ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இரண்டாவது இடைப்பருவம், டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. எண்ணிக்கை ஒன்றே, பொருள் முற்றிலும் வேறு. நம்முடைய நான்கைப் பாடும் பாட்டு எத்தனை முன்பள்ளிகளிற் கேட்கின்றது?

மொழிபெயர்ப்பும் இக்குழப்பத்துக்குத் துணைபோயிற்று. மாரி என்னும் சொல்லுக்கு நம்மிடையே மழை என்பதும் மழைக்காலம் என்பதுமே பொருள். அச்சொல்லே நமது புவியியல் நூல்களிற் குளிர்நாடுகளின் பனிக்காலத்துக்கும் வழங்கப்பட்டு வந்துள்ளது. விளைவு யாது? தன் வீட்டு முற்றத்திற் கண்ட மாரியும் பாடத்திற் படித்த மாரியும் ஒன்றென எண்ணும் பிள்ளை, ஒன்றிற் பனிமனிதனும் மற்றதில் தவளையும் இருப்பதன் காரணம் அறியாது திகைக்கின்றது. திகைத்த பின், புத்தகத்தில் உள்ளதே சரியென்றும் முற்றத்திற் கண்டது பாடத்துக்குப் புறம்பானதென்றும் முடிவு செய்கின்றது.

வடபகுதி முன்பள்ளியொன்றில் ஐப்பசி மாதத்து மழைநாளொன்றில் யான் கண்ட காட்சி இதற்குச் சான்றாகும். பிள்ளைகள் கடதாசியிற் பஞ்சை ஒட்டிப் பனிமனிதன் செய்துகொண்டிருந்தனர். வெளியே முற்றம் நிறைந்து வெள்ளம் ஓடிற்று. வாயிலருகே சென்று அதனைப் பார்த்து நின்ற ஒரு சிறுவனை, "மழையைப் பார்த்தது போதும், வந்து வேலையைச் செய்யுங்கோ" என்று ஆசிரியை அழைத்தார். அவ்வாசிரியையைக் குறைகூறுதல் என் நோக்கமன்று. சொற்ப ஊதியத்துக்கு உழைக்கும் அவருக்குக் கொடுக்கப்பட்ட படமும் பாட்டும் அவை. வேறொன்று அவருக்குக் கொடுக்கப்படவில்லை. ஆயினும் அன்றைய பாடம் பருவகாலம் என்பதையும், அப்பாடத்தைச் சரியாகக் கற்றுக்கொண்டிருந்தவன் வாயிலில் நின்ற சிறுவன் ஒருவனே என்பதையும் மறுக்கவியலாது.

பாட்டும் விளையாட்டும் கொண்டு குழந்தைக்குக் கற்பிக்கும் முறை மேனாட்டிலிருந்து வந்ததாகலின் அதன் பொருளும் மேனாட்டதாகவே இருக்கும் என்று சிலர் அமைதி கூறுவர். இது வரலாறு அறியாக் கூற்று. 1840 ஆம் ஆண்டிற் பாலர் பூங்காவுக்கு அப்பெயரை இட்ட பிரெடெரிக் புரோபெல், ஜெர்மனியின் துரிங்கியா மலைநாட்டைச் சேர்ந்தவர். 1844 இல் அவர் வெளியிட்ட தாய்மாருக்கான பாடல் விளையாட்டு நூல், அம்மலைநாட்டு மக்களின் வாழ்விலிருந்து எழுந்தது. புல் அறுத்தல் அங்கு ஒரு விளையாட்டு. கோபுர உச்சியிற் காற்றின் திசை காட்டும் சேவலைப் போலக் குழந்தை தன் கையைத் திருப்புதல் மற்றொரு விளையாட்டு. குழந்தை அன்றாடம் காணும் பொருளையே அவர் பாட்டாக்கினார். அவரைப் பின்பற்றுவதாகக் கூறிக்கொள்வோர் அவருடைய முறையைக் கைவிட்டு, அவர் நாட்டுப் பனியை மாத்திரம் இறக்குமதி செய்தனர். புரோபெல் யாழ்ப்பாணத்திற் பிறந்திருந்தால் கோபுரச் சேவலுக்குப் பதிலாக வடலி ஓலையைக் காட்டியிருப்பார் என்பதில் ஐயமில்லை.

நமக்கு அண்மையிலும் உதாரணம் உண்டு. 1901 இற் சாந்திநிகேதனத்திற் பள்ளியை ஆரம்பித்த தாகூர், வங்காளத்தின் பருவங்களைப் பள்ளியின் விழாக்களாக்கினார். சரற்காலத்தைப் பற்றி அப்பள்ளிச் சிறுவர் நடிப்பதற்கென 1908 இல் ஒரு நாடகமே எழுதினார். 1934 இல் அவர் இலங்கைக்கு வந்தபோது அவருடைய நாட்டிய நாடகத்தைக் கண்டு நமது கற்றோர் வியந்தனர். ஆடலையும் உடையையும் போற்றினோம். பருவத்தைப் பள்ளிக்குள் அழைத்து வந்த கல்விமுறையைக் கற்றோமல்லோம். மரியா மொண்டிசோரியும் 1944 இல் இங்கு வந்து பயிற்சி அளித்தார். அவருடைய பெயர் இன்று எண்ணற்ற பெயர்ப்பலகைகளில் இருக்கின்றது. குழந்தை தன் புலன்களாற் சூழலை அறியவேண்டும் என்ற அவருடைய கருத்து அப்பலகைகளுக்குப் பின்னால் எத்தனை இடங்களில் இருக்கின்றது?

இக்குறையின் வேர் சமூகத்தில் உள்ளது. 1940களில் இலவசக் கல்வியும் ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழிக் கல்வியும் வந்தன. அவை மகத்தான சாதனைகள் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் மொழி மாறியபோது பொருள் போதிய அளவு மாறவில்லை. முன்பள்ளியோ பெரும்பாலும் அரசின் இலவசக் கல்விக்கு வெளியே, கட்டணத்தை நம்பி வளர்ந்தது. கட்டணம் செலுத்தும் மத்தியதர வர்க்கத்துக்குப் பிள்ளையின் வாயிலிருந்து வரும் அந்நியச் சொல்லே செலுத்திய பணத்தின் பயனாகத் தோன்றுகின்றது. "சோளகம்" என்று பிள்ளை சொன்னால் அது கடற்கரையிற் கேட்ட சொல். "ஓட்டம்" என்று இலையுதிர்காலத்தின் ஆங்கிலப் பெயரைச் சொன்னால் அது கல்வி. மீனவரும் கமக்காரரும் தோட்டத் தொழிலாளரும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அறிவு இவ்வாறு வகுப்பறையின் வாயிலிலேயே தடுத்து நிறுத்தப்படுகின்றது. இதனாற் பெரிதும் பாதிக்கப்படுபவர் அவர்களுடைய பிள்ளைகளே. தம் தந்தையர் அறிந்தது அறிவன்று என்னும் பாடத்தை அவர்கள் நான்கு வயதிலேயே கற்கின்றனர்.

இவ்விடத்திற் பழம்பெருமை பேசுவோர் சிலர் எழுந்து, "நான்கை விடுவோம், தொல்காப்பியர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளைப் பிள்ளைகளுக்குப் பாட்டாக்கிக் கொடுப்போம்" என்பர். இதுவும் ஏற்கத்தக்கதன்று. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் பகுப்பு நமது இலக்கிய மரபின் அரிய செல்வம். ஆயினும் கவிதைக்கு முதற்பொருள் கூறவந்த இலக்கணத்தை எந்நிலத்துக்கும் உரிய பஞ்சாங்கமாகக் கொள்ளுதல் பொருந்தாது. கார் என்பது ஆவணியும் புரட்டாதியும். ஆவணியைக் கார்காலம் என ஒப்புவிக்கும் யாழ்ப்பாணப் பிள்ளை வெளியே காண்பது காய்ந்து கிடக்கும் வயலை. அங்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையிலேயே பெய்கின்றது. ஆடிப்பட்டம் தேடி விதை என்னும் பழமொழியையும் இவ்வாறே ஆராயாது ஓதுகின்றோம். மழையை நம்பிய வடபகுதி நெல்வயலில் ஆடியில் விதைத்தவன் நிலை என்னாகும்? அந்நியரின் அட்டவணையை மனனஞ் செய்வதும் முன்னோரின் அட்டவணையை மனனஞ் செய்வதும் பிள்ளையின் கண்ணை மூடுவதில் ஒன்றுக்கொன்று சளைத்தவையல்ல.

பிள்ளையின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் வகையில் இந்நாட்டிற் பருவங்கள் எவ்வாறு நிகழ்கின்றன? வடக்கில் ஆடி மாதத்திற் சோளகக் காற்று புழுதியை வாரி இறைக்கின்றது. ஆடிப்பிறப்பன்று கூழும் கொழுக்கட்டையும் உண்ணும் மகிழ்ச்சியைக் குழந்தையின் நாவுக்கேற்பப் பாடிவைத்தவர் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர். ஒரு மாதத்தின் பிறப்பைப் பிள்ளை மறவாதிருக்கப் பண்டிதப் பட்டியல் தேவையில்லை, ஒரு பாட்டுப் போதும் என்பதை அவர் மெய்ப்பித்தார். அதன்பின் பனம்பழம் விழுகின்றது. விதைகள் பனம்பாத்தியில் அடுக்கப்படுகின்றன. மாரி வந்து தவளை கத்துகின்றது; வாய்க்காலிற் கடதாசித் தோணி ஓடுகின்றது. மார்கழியும் தையும் வர வாடைக் காற்றிற் பட்டம் ஏறுகின்றது. பாத்தியிலிருந்து பனங்கிழங்கு கிளறப்படுகின்றது. ஆறு மாத காலத்தின் பாடத்தை ஒரு பனங்கொட்டையே நடத்திவிடுகின்றது.

கிழக்கிற் கச்சான் காற்று வறண்டு வீசுகின்றது. மட்டக்களப்பு மக்களின் வசந்தன் கூத்திற் சிறுவர் கோலடித்து ஆடும் பாடல்களில் வேளாண்மைச் செய்கை முழுவதும் அடங்கியுள்ளது. அப்பாடல்கள் 1940 இல் வசந்தன் கவித்திரட்டு என்னும் பெயரில் நூலுருப் பெற்றன. பருவத்தை ஆட்டமாகவும் பாட்டாகவும் கற்பிக்கும் முறை நமக்குப் புதியதென்று கூறுவோர் அந்நூலை ஒருமுறை புரட்டுதல் நன்று. கண்ணகை வழிபாட்டோடிணைந்த கொம்புமுறி விளையாட்டும் மழை வேண்டிப் பாடப்படும் மழைக்காவியமும் அப்பிரதேசத்துக்கே உரியன.

மலையகத்தின் கதை வேறு. தென்மேற் பருவக்காற்றுக் காலத்தில் அட்டன் பகுதி மழையில் நனைய, மலைத்தொடரின் மறுபுறத்தில் ஊவாவில் உலர்காற்று வீசுகின்றது. அக்காற்றே யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைக் கொடுக்கின்றது. டிம்புலப் பகுதித் தேயிலைக்கு அச்சிறப்பு ஆண்டின் தொடக்கத்து வறண்ட மாதங்களில் வாய்க்கின்றது. கூடையோடு மலை ஏறும் தாயின் பிள்ளைக்குப் பருவம் என்பது கொழுந்தின் கணக்கு. மாசியில் நடக்கும் காமன் கூத்து. நுவரெலியாவில் ஏப்ரல் மாதத்தை வசந்தகாலம் எனக் கொண்டாடுவதோ அங்கு ஓய்வெடுக்க வந்த வெள்ளைத் துரைமார் விட்டுச்சென்ற வழக்கம். அவ்வசந்தத்திலும் கொழுந்து பறித்தவர் நம்மவரே.

இச்சிறு தீவின் மேற்குமலைச் சரிவுகளில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இடங்களும், மன்னார்க் கரையில் 1000 மில்லிமீற்றரையும் எட்டாத இடங்களும் உள்ளன. வல்வெட்டித்துறையிற் பட்டம் ஏறுவது தைப்பொங்கலையொட்டி. கொழும்புக் காலிமுகத்திடலில் ஏறுவது யூலை, ஓகஸ்ட் மாதங்களில். ஆகவே நாடு முழுமைக்கும் ஒரே பாட்டு என்பதும் பொருந்தாது. முன்பள்ளி 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி மாகாணங்களுக்குரிய விடயமாகும். இடத்துக்கேற்ற பாட்டை ஆக்குவதற்கு இதனைவிட வாய்ப்பான ஒழுங்கு வேண்டுமா?

மறுப்புகள் சிலவற்றுக்கு விடை கூறவேண்டும். உலகம் சுருங்கிவிட்டது, பிள்ளை பனியையும் அறியட்டுமே என்பர். அறியட்டும். பனி பொழியும் நாடுகளில் வாழும் மக்களைப் பற்றிய கதையாக அது வருக. 1983 இன் பின் தொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் குடியேறிய தமிழரின் பிள்ளைகள் பனிமனிதனைப் பாடுதலே முறை; அது அவர்களுடைய முற்றத்தில் நிற்கின்றது. அவர்களுக்குச் சோளகத்தை மாத்திரம் கற்பிப்பது எவ்வாறு தவறோ, அவ்வாறே இங்குப் பனியை மாத்திரம் கற்பிப்பதும் தவறு. அண்மையிலிருந்து சேய்மைக்குச் செல்லுதல் கல்வியின் பால பாடம்.

கிராமமே மாறிவிட்டது, வெள்ளவத்தை மாடிவீட்டுப் பிள்ளைக்குப் பனம்பாத்தி ஏது என்பர். அப்பிள்ளைக்குக் கடல் உண்டு. தென்மேற் காற்றிற் கொந்தளிக்கும் கடலும் தை மாதத்து அமைதியான கடலும் ஒரே கடலென்று அது கண்டறியட்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் இடிக்கும் இடியை அது எண்ணட்டும். யான் வேண்டுவது பழங்கிராமத்தைப் பற்றிய ஏக்கப் பாட்டன்று.

காலநிலையே தடுமாறுகின்றது, மழை சொன்ன மாதத்தில் வருவதில்லை, பின் பருவப்பாட்டு எதற்கு என்பது மூன்றாவது மறுப்பு. இதுவே என் வாதத்துக்கு வலுவான ஆதாரம். பட்டியலை ஒப்புவித்த பிள்ளைக்கு மழை பிந்தினாலும் முந்தினாலும் தெரியாது. காற்றின் திசையையும் மேகத்தின் நிறத்தையும் ஆட்டமாகப் பயின்ற பிள்ளையே மாற்றத்தை மாற்றமென அறியும். இஃது அழகியல் பற்றிய விவகாரம் மாத்திரமன்று. மன்னார்க் கரையை 1964 டிசெம்பரில் தாக்கிய சூறாவளியும், மட்டக்களப்பை 1978 நவம்பரில் அழித்த சூறாவளியும், 2008 நவம்பரில் வடக்கை வெள்ளத்தில் ஆழ்த்திய நிஷா புயலும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் வந்தவை. வடக்கிலும் கிழக்கிலும் டெங்கு பெருகுவதும் வடகீழ் மழையை அடுத்தே. வீட்டைச் சுற்றிக் கிடக்கும் சிரட்டையைக் கவிழ்க்கவேண்டிய மாதம் எதுவென்று ஒரு பிள்ளைக்குத் தெரிந்திருப்பது, பனிமனிதனுக்கு எத்தனை பொத்தான் என்று தெரிந்திருப்பதிலும் மேலானது அல்லவா?

செய்யவேண்டியது பெருஞ்செலவுடைய காரியமன்று. புரோபெலின் சேவலை வடலியாக மாற்றுவோம். பிள்ளைகள் முற்றத்தில் வடலிகளாக நிற்க, "சோளகம்" என்றதும் கைகளை வடகிழக்குப் பக்கம் சாய்க்கட்டும். "வாடை" என்றதும் தென்மேற்குப் பக்கம் சாய்க்கட்டும். திசையும் காற்றும் ஆண்டின் இரு பெரும் பகுதிகளும் ஒரே ஆட்டத்திற் பதியும். மழை நாளில் போத்தலொன்றை முற்றத்தில் வைத்து நீரின் உயரத்துக்குக் கோடு கீறட்டும். சுவரிலுள்ள வட்டத்தை அகற்றி, அவ்வூரிற் பூப்பது, காய்ப்பது, விளையாடப்படுவது ஆகியவற்றைப் பிள்ளைகளே மாதந்தோறும் வரையும் ஒரு தாளைத் தொங்கவிடட்டும். முன்பள்ளி ஆசிரியர் பயிற்சியில் அவ்வவ்வூர்ப் பாடல்களைத் திரட்டுதல் ஒரு பாடமாகட்டும்.

பாடல்களைத் தருதல் யாருடைய கடமை? அது நம்முடையது. கலைப்பீடத்து மாணவர் ஆண்டுதோறும் ஆய்வுக் கட்டுரைகளுக்காக நாட்டார் பாடல்களைத் தேடிச் செல்கின்றனர். தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிவுசெய்து, வகைப்படுத்தி, புள்ளிபெற்ற பின் அவற்றை நூலகத்தின் அடித்தட்டில் உறங்கவிடுகின்றனர். மக்களிடமிருந்து பெற்றதை மக்களின் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்காத ஆய்வினால் யாருக்குப் பயன்? நமது தமிழ்ச் சங்கத்தில் வடக்கு, கிழக்கு, மலையகம், வன்னி, மன்னார், கொழும்பு எனப் பல பகுதி மாணவரும் உள்ளனர். விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொருவரும் காற்றையும் மழையையும் விளையாட்டையும் பற்றிய ஒரு பாடலையேனும் முதியோரிடம் கேட்டு எழுதி வருக. இல்லாதவிடத்துக் கவிதை எழுதும் நண்பர்கள் புதிதாக ஆக்குக. புதுக்கவிதையின் படிமத்தைப் பற்றி இரவு முழுவதும் வாதிடும் நாம், ஐந்து வயதுப் பிள்ளை பாடக்கூடிய எட்டு வரிகளை எழுதுதல் நம் தகுதிக்குக் குறைவென எண்ணுதல் வேண்டாம்.

சங்கத்தின் அடுத்த வெளியீடாக, பிரதேசவாரியாகத் தொகுக்கப்பட்ட பருவப்பாடல் நூலொன்று வெளிவந்து, கேட்கும் முன்பள்ளிகள் அனைத்துக்கும் இலவசமாக அனுப்பப்படுதல் வேண்டும். இதற்கான பிரேரணையைச் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்திற் சமர்ப்பிக்க எண்ணியுள்ளேன். எதிர்ப்போர் தம் காரணங்களோடு வருக. உடன்படுவோர் ஊரிலிருந்து ஒரு பாட்டோடு வருக.